மணலில் பந்தாடப் போகும் மகனுக்கு

செல்வராசு, நீ போட்ட இன்லேண்டு கடிதம் போன வாரம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. மொத்தம் நான்கு வரி. வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். மஸ்கட் போகிறேன். அங்கே ஒரு கம்பெனிக்காகக் கடற்கரை மணலில் வாலிபால் ஆட வேண்டும். அடுத்த மாதம் பம்பாயிலிருந்து விமானம். இவ்வளவுதான் எழுதியிருந்தாய். அதற்குக் கீழே பாதித் தாள் வெறுமையாகக் கிடந்தது. நல்லா இருக்கிறீர்களா என்று கேட்கவாவது அந்த இடத்தைப் பயன்படுத்தியிருக்கலாம். இருபத்தெட்டு வயதான ஒருவன், சேலத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்த அரசாங்க வேலையை விட்டுவிட்டு, கடல் தாண்டிப் போய் அரைக்கால் சட்டையோடு பந்து தட்டப் போகிறேன் என்பதை நான்கு வரியில் சொல்லி முடிக்க உன்னால்தான் முடியும். உன் அப்பா கடிதத்தைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றி வைத்தார், குச்சிக்கிழங்குக் காட்டுக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார். அவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த வீட்டில் முப்பது வருடமாக மூன்று பேருக்கும் சேர்த்து நான் ஒருத்திதான் பேசிக்கொண்டிருக்கிறேன். அதனால் இந்தக் கடிதம் நீளமாகத்தான் இருக்கும். டீக்கடை வாசலில் நின்றுகொண்டு படிக்காதே. ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் உன் அறைக்குப் போய், உட்கார்ந்து படி.

உனக்கும் எனக்கும் நடுவில் அந்தப் பந்து வந்து விழுந்தது எமர்ஜென்சி சமயத்தில். நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். நான் அப்போதுதான் இருநூறு குஞ்சு வாங்கிவிட்டுக் கோழிப் பண்ணை ஆரம்பித்திருந்தேன். நீ பண்ணைக்குப் பக்கத்திலேயே வேப்பமரத்துக்கும் மோட்டார் ரூமுக்கும் குறுக்கே கயிறு கட்டி, அதில் பழைய வலை ஒன்றைத் தொங்கவிட்டாய். நீ அடித்த பந்து வாரத்துக்கு நான்கு தடவை கொட்டகைக் கூரைமேல் விழும். கோழிகள் எல்லாம் மிரண்டு ஒரே மூலையில் போய் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அடுத்த நாள் முட்டை பாதியாகக் குறையும். வேறு பக்கம் போய் ஆடு என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். நீ சரி என்பாய். ஆனால் வலை இருந்த இடத்திலேயே இருக்கும். எதிர்த்துப் பேசுகிற பிள்ளையைக் கூடச் சமாளித்துவிடலாம். தலையாட்டிவிட்டுத் தன் இஷ்டத்துக்குச் செய்கிற பிள்ளையை என்ன செய்வது, சொல். இன்றைக்கும் நீ அதையேதான் செய்கிறாய்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நீ வளர்ந்த வளர்த்தியில் எனக்குப் பெருமை இருந்தது. நிலைப்படியில் குனிந்து வருவாய். நீ எம்பி அடிக்கும்போது இடுப்புக்குமேல் வலைக்கு மேலே தெரியும் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். "அக்கா, உம்பட பையன் நெட்டுக்கு மேல நின்னுக்கிட்டே அடிக்கறானாட்ட இருக்குது" என்று என் தம்பி, உன் மாமன், சொன்னபோது, கீறல் விழுந்த முட்டையை எல்லாம் விற்காமல் உனக்கே அவித்துப் போட்டேன். வாயால் திட்டிக்கொண்டேதான் போட்டேன். அது உனக்கும் தெரியும்.

அப்போது உன்னோடு எந்நேரமும் ஒருவன் இருந்தான். முருகேசன். பக்கத்துக் குடியிருப்புப் பையன். அவன் அப்பனும் அம்மாளும் ஜவ்வரிசி மில் களத்தில் மாவு காயப் போடுகிறவர்கள். உன் தோள் உயரம்தான் இருப்பான். ஆட்டத்தில் ஆறு பேர் நின்றாலும் உங்கள் இரண்டு பேர் கதைதான் அது என்று ஆட்டம் தெரியாத எனக்கே புரிந்தது. அவன் வலையோரம் நின்று பந்தைத் தூக்கிப் போடுவான். நீ ஓடி வந்து எம்பி அடிப்பாய். அவன் உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். உன் கை எந்த இடத்துக்கு வருமோ அந்த இடத்தில் பந்து நிற்கும். பயிற்சி முடிந்ததும் உனக்கு அடுக்களையில் தட்டு வைப்பேன். அவனுக்கு இரண்டு முட்டையை இலையில் வைத்து வெளியே நீட்டுவேன். அவன் தீவன மூட்டைமேல் உட்கார்ந்து தின்பான். ஒரு நாள் நீ தட்டை எடுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்து மூட்டையில் உட்கார்ந்தாய். அன்றிலிருந்து தினமும் அங்கேதான் சாப்பிட்டாய். ஏன் என்று நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. நீ ஏன் போனாய் என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடித்தேன்.

இனி நான் எழுதப் போவது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. எட்டு வருடமாக நாம் இருவரும் மூடி வைத்திருந்தது.

மாரியம்மன் நோம்பிக்கு நடக்கும் வாலிபால் போட்டி. நீங்கள் இரண்டு பேரும் மாநில அளவில் ஆடிச் சர்ட்டிபிகேட் வாங்கி வந்திருந்த வருடம். உன் மாமன் ராசிபுரத்தில் நெய் வியாபாரம் செய்கிற ஒரு குடும்பத்தைக் கூட்டி வந்திருந்தான். பெண்ணைப் பெற்றவர்கள். மாப்பிள்ளையைச் சும்மா வீட்டில் பார்க்காமல், ஆட்டத்தில் வைத்துப் பார்க்கட்டும் என்பது என் யோசனை. என் யோசனை மட்டும்தான். அன்று காலையில் நீ கோழிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த என்னிடம் வந்தாய்.

"அம்மா, முட்டி நெம்ப வலிக்குது. நேத்துல இருந்து வீங்கிக் கெடக்குது. இன்னைக்கு ஒக்காந்துக்கறேன்."

"நீ ஆடுலீன்னா அவிய என்ன நெனப்பாங்க? ஒரு ஆட்டந்தான சாமி. வலி ஒண்ணும் பண்ணாது."

"மடக்கவே முடியலம்மா."

"துணியக் கட்டிக்க. அவங்க அத்தன தூரத்துல இருந்து வந்திருக்காங்க. என்னைய அவமானப்படுத்திப் போடாத."

நீ தலையாட்டினாய். நானே நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்து, பழைய வேட்டித் துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டி, மேலே முட்டி உறையை மாட்டிவிட்டேன். என் கையாலேயே.

இரண்டாவது செட்டில் முருகேசன் பந்தைத் தூக்கிப் போட்டான். நீ எம்பினாய். கீழே வந்து ஊன்றியபோது காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது. நீ மண்ணில் சுருண்டு கிடந்தாய். ராசிபுரத்துக்காரர்கள் எழுந்து நின்றார்கள். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்பதற்கு முன்னால், இனி இவர்கள் என்ன சொல்வார்கள் என்றுதான் தோன்றியது. யார்மேலாவது போட்டுவிட வேண்டும் என்று இருந்தது. களத்துக்குள் ஓடி, அத்தனை சனத்துக்கு நடுவில் முருகேசனைப் பிடித்துக்கொண்டேன்.

"பந்த அகட்டிப் போட்டு எம்மவன் கால ஒடிச்சுப் போட்டியேடா! இத்தன நாள் எஞ்சோத்தத் தின்னுபோட்டு இதுதான் நீ பண்றதா?"

அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நீ கீழே கிடந்தபடியே என்னைப் பார்த்தாய். வலியில் பார்த்தாய் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை என்று எனக்குத் தெரியும்.

அன்றோடு ஊர் முழுக்க ஒரே பேச்சு. முருகேசன் பந்தைத் தப்பாகப் போட்டான், கவனம் இல்லாமல் போட்டான். சிலர் பொறாமையில் போட்டான் என்றுகூடச் சொன்னார்கள். நான் ஒருத்தி சொன்னதை ஊரே சொல்லிற்று. ராசிபுரத்துச் சம்பந்தம் அடுத்த வாரமே முறிந்துபோனது. முருகேசன் அதற்குப் பிறகு களத்துப் பக்கமே வரவில்லை. உன் கையில் இருந்த அதே சர்ட்டிபிகேட் அவன் கையிலும் இருந்தது. நீ அதை வைத்து விளையாட்டுக் கோட்டாவில் வேலைக்கு எழுதிப் போட்டாய். அவன் போடவில்லை. திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணறு வண்டி ஒன்றில் ஏறி வடக்கே போய்விட்டான். ரிக் வண்டியோடு போனவன் ஆறு வருடம் எந்தெந்த ஊரிலோ பாறையைத் துளைத்துக்கொண்டு கிடந்தான். நீ இதைப் பற்றியும் பேசவில்லை. உண்மையை ஊருக்குச் சொன்னால் அம்மாவுக்கு அவமானம் என்று மூடிக்கொண்டாயா? அது பாசம் என்று நினைத்தாயா? அது என்மேல் பாசம் என்றால், அவனுக்கு நீ செய்தது என்ன? என் தப்பைப் பெரிது என்று நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உன் வாயில் கொழுக்கட்டையா இருந்தது?

பிறகு உனக்கு வேலை கிடைத்தது. ஆபீஸ் டீமில் ஆடினாய். எம்பி இறங்கும் ஒவ்வொரு தடவையும் முட்டி வீங்கியது. மூன்று வருடத்தில் டீமை விட்டு எடுத்தார்கள். கட்டாந்தரையில் இனி குதிக்கக் கூடாது, வேண்டுமானால் மணலில் நட என்று சேலத்து டாக்டர் சொன்னார். நான் நிம்மதியானேன். சனியன் ஒழிந்தது, இனி பையன் கல்யாணம் பண்ணிக்கொண்டு, பைலைப் பார்த்துக்கொண்டு இருப்பான் என்று நினைத்தேன். மேட்டூர் அணையை மூடியதும் காவிரி வற்றிவிடும். ஞாயிற்றுக்கிழமை தோறும் மோகனூர் ஆற்று மணலுக்கு நடக்கப் போகிறேன் என்றாய். நான்கூட எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக் கொடுத்தேன். மணலில் நடந்தாயாம்! வலையும் பந்தும் யார் வைத்திருந்தது?

உன் கடிதம் வந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, உன் காதைப் பிடித்து இழுத்து வந்துவிடுவது என்று முடிவு பண்ணி, நான் மோகனூர் பஸ் ஏறினேன். நீ என்னைப் பார்க்கவில்லை. கரையில் புங்கமரத்தடியில் நின்றேன். பக்கத்துக்கு இரண்டே பேர். எதிரில் கரூர்ப் பக்கத்துக் காலேஜ் பையன்கள் போலிருந்தது. உன் பக்கத்தில் நின்றவன் குனிந்து பந்தை எடுத்தபோதுதான் முகம் தெரிந்தது. முருகேசன்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருடமாக உன்னோடு ஆடுகிறவன் அவன் என்று நீ சொல்லவே இல்லை. சொன்னால் நான் மறுபடியும் வந்து கத்துவேன் என்று பயந்திருப்பாய். அந்தப் பயத்தை உனக்குக் கொடுத்தவள் நான்தான் என்பது புரிந்ததும் உன்மேல் இருந்த கோபம் இன்னும் அதிகமாயிற்று, குறையவில்லை. என் குணம் அப்படி.

ஒரு மணி நேரம் பார்த்தேன். அத்தனை பெரிய களத்துக்கு இரண்டு ஆள். ஒளிந்துகொள்ள இடமே இல்லை. முன்னே மாதிரி நீ உயர எம்பவில்லை. அடிக்கப் போவதுபோல் கையை ஓங்கிவிட்டு, ஆள் இல்லாத மூலையில் பந்தைப் பூப்போல வைத்தாய். முகம் குப்புற மணலில் விழுந்தாய், துப்பிக்கொண்டு எழுந்தாய், மறுபடியும் விழுந்தாய். ஊர்க் களத்தில் ஒவ்வொரு அடிக்கும் சனத்தைத் திரும்பிப் பார்ப்பாயே, இங்கே யாரையும் பார்க்கவில்லை. ஓயாமல் பேசிக்கொண்டே ஆடினாய். "எனக்கு, எனக்கு", "உடு உடு", "பின்னால போ" என்று. என் மகனுக்கு இவ்வளவு பேச வரும் என்று எனக்கு இருபத்தெட்டு வருடமாகத் தெரியாது. வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம், "முட்டி போனதுக்கப்புறந்தான் உங்க பையன் மூளையால ஆடறான்" என்றேன். அவர் சிரித்த மாதிரி இருந்தது.

பந்து ஒரு தடவை கரைப் பக்கம் உருண்டு வந்தது. எடுக்க வந்த முருகேசன் என்னைப் பார்த்துவிட்டான். அப்படியே நின்றான்.

"வாங்கம்மா. அவனக் கூப்புடட்டுங்களா?"

வேண்டாம் என்று கையாட்டிவிட்டு வந்துவிட்டேன். இதை அவன் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான். இரண்டு பேரும் ஒரே ரகம்.

புதன்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. அவன் அம்மாள் மாராயி வாசலில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அடுப்படியில் முருகேசன் கை கழுவிக்கொண்டிருந்தான். அங்கே வரைக்கும் போய் நின்றுகொண்டே சொன்னேன்.

"அன்னைக்கு நீ பந்து சரியாத்தான் போட்ட முருகேசா. அவனுக்குக் காலையிலயே முட்டி வீங்கியிருந்துச்சு. ஆட முடியலைன்னான். நாந்தான் துணியக் கட்டி அனுப்புனேன்."

அவன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"பந்து நல்லாத்தான் போட்டேன்னு எனக்கும் அப்பத் தெரியுமுங்கம்மா. ஆனா நீங்க சொன்னீங்க, ஊரே சொல்லுச்சு, எனக்கே சந்தேகம் வந்துபோச்சு. ரிக்குல ஒக்காந்து ஆறு வருசமா அந்த ஒரு பந்தையே திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தனுங்க. எங்க தப்புச்சுதுன்னு தேடுனனுங்க. செல்வராசுகிட்டக் கேட்டேன், தப்பு உம்மேல இல்லடான்னு மட்டுஞ் சொன்னான். சமாதானத்துக்குச் சொல்றான்னு நெனச்சுட்டேன்."

எனக்குப் பேச வரவில்லை. எனக்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள். வாசலிலிருந்து மாராயிதான் பேசினாள், மிளகாயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எம்மவனப் பேசறப்ப ஊரே கேக்கப் பேசுனீங்க. இப்ப எங்கூட்டு அடுப்படியில வந்து மெதுவாச் சொல்றீங்க."

மஸ்கட் சங்கதி முழுவதையும் நான் தெரிந்துகொண்டது அவனிடம்தான். கோவளம் கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் இரண்டு இரண்டு பேராக ஆடுவதைப் பார்த்து நீங்களும் போய்ச் சேர்ந்துகொண்டது, அவர்களை நான்கு ஞாயிறு தோற்கடித்தது, அங்கே லீவுக்கு வந்திருந்த மலையாளி இன்ஜினியர் தன் கம்பெனிக்கு ஆட ஆள் கேட்டது, உன்னை மட்டும் முதலில் கூப்பிட்டபோது அவன் வராமல் நான் வரமாட்டேன் என்று நீ சொன்னது, அதன் பிறகு உங்களைச் சோடியாகவே எடுத்துக்கொண்டது. இத்தனை நல்ல சேதியை எனக்கு வேற்றாள் சொல்ல வேண்டியிருக்கிறது.

நேற்று வெள்ளிக்கிழமை நோம்பி ஆட்டம். நீங்கள் இருவருமே எட்டு வருடமாக அந்தப் பக்கம் வருவதில்லை. சாயங்காலம் கடைசி ஆட்டத்துக்கு முன்னால் பரிசு கொடுக்கும் மேடைக்குப் போய், மைக்கைக் கொடு என்றேன். மைக் செட்காரர் ஏதோ நன்கொடை அறிவிப்பு என்று நினைத்துக் கொடுத்துவிட்டார். அது முதலில் கீச்சென்று கத்திற்று. பிறகு நான் பேசினேன். எட்டு வருடத்துக்கு முன் இதே களத்தில் என் மகன் காலை ஒடித்தது முருகேசன் இல்லை, நான். வலிக்கிறது என்றவனை அனுப்பியது நான். பழியை அடுத்த வீட்டுப் பிள்ளைமேல் போட்டதும் நான். இவ்வளவுதான் சொன்னேன். உன் கடிதத்தைவிட ஒரு வரி குறைச்சல். பின்வரிசையில் சில பையன்கள் சிரித்தார்கள். உன் மாமன் ஓடி வந்து, "அக்கா, புத்தி கெட்டுப்போச்சா? மைக்கக் குடு" என்று கையை நீட்டினான்.

அப்போது கூட்டத்திலிருந்து உன் அப்பா எழுந்தார். "பேசட்டும் உடு மாப்ள" என்றார். அத்தனை சத்தமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. உன் மாமன் கையை இறக்கிக்கொண்டான்.

மாராயி களத்தோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் என்னைப் பார்ப்பாள், தலையாவது அசைப்பாள் என்று எதிர்பார்த்தேன். பார்க்கவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போகட்டும். அவளுக்குக் கேட்டது, அது போதும்.

இனி உன் விஷயம். வேலையை விட்டது மடத்தனம் என்ற என் அபிப்பிராயத்தில் மாற்றம் இல்லை. நாற்பது வயதில் மணலில் உருள முடியாது. இதைப் படித்த மறுநாளே ஆபீஸுக்குப் போய், அந்தக் காகிதத்தைத் திரும்பக் கேள். சம்பளமில்லாத லீவு உண்டு என்று பண்ணைக்குத் தீவனம் கொண்டு வருகிற லாரிக்காரர்கூடச் சொல்கிறார், உனக்குத் தெரியாதா? கேட்டுவிட்டு மஸ்கட் போ. நான் தடுக்கவில்லை. தடுத்தாலும் நீ தலையாட்டிவிட்டுப் போகத்தான் போகிறாய். அங்கே வெயில் அதிகமாம், மோர் கிடைக்குமா என்று விசாரி. முருகேசனைச் சோடி என்று எல்லா இடத்திலும் எழுதச் சொல், உன் பேரை மட்டும் போட விடாதே. உனக்குப் பெண் பார்க்கும் வேலையை இந்த வருடம் நிறுத்தி வைத்திருக்கிறேன். யாராவது பிடித்திருந்தால் சொல்லித் தொலை, நான்கு வரியில் வேண்டாம்.

அந்த ஊரில் எவனாவது வலியோடு ஆடச் சொன்னால், அவன் முதலாளியாக இருந்தாலும் சரி, வலிக்கிறது என்று சொல். நானாகவே இருந்தாலும் சொல். முதல் தடவை நான் கேட்கவில்லை என்றால் இரண்டாம் தடவை சொல், இன்னும் சத்தமாக. எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது.